தறி நின்னா கேக்குற சத்தம்: காது இரைச்சல் எதனால வருது, வந்தா என்ன பண்றது

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் தறிக்குடோன்ல வேலை பாக்குறவங்ககிட்ட பேசிப் பாருங்க, ஒரு விசயத்த திரும்பத் திரும்ப சொல்லுவாங்க. வேலைல இருக்கறப்ப காதுல ஒண்ணும் தெரியாதுங்க, மாசாந்திர பராமரிப்புக்குன்னு கரண்ட் நிறுத்தற அன்னிக்கோ தீபாவளி லீவுலயோ தறி நின்னு ஊரே அடங்குனதும் உள்ளுக்குள்ள "கொய்ய்ங்"ன்னு ஒரு சத்தம் ஆரம்பிக்கும், ராத்திரி தலகாணில தலைய வெச்சா இன்னும் எச்சா கேக்கும். அதனால நெறையப் பேரு "லீவு விட்டாத்தானுங்க எனக்கு இந்தத் தொந்தரவு, தறி ஓடுனா சரியாயிரும்"னு நம்பீட்டு இருக்காங்க. உண்மைல அந்த சத்தத்த உண்டாக்குனதே பெரும்பாலும் தறி தான், பகல் பூரா அத மறைச்சு வெச்சிருக்கறதும் அதே தறி தான்.

டாக்டருங்க இத டின்னிடஸ்ங்கறாங்க, நாம காது இரைச்சல்ங்கறோம். வெளிய எந்த சத்தமும் இல்லாமயே காதுக்குள்ளயோ தலைக்குள்ளயோ சத்தம் கேக்கறது. ஒருத்தருக்கு சில்வண்டு, ஒருத்தருக்கு குக்கர் விசில் வர்றதுக்கு முந்தி வர்ற உஸ்ஸு, ஒருத்தருக்கு நாலு காடு தள்ளி மோட்டார் ஓடற சத்தம். ஒரு காதுல வரும், ரெண்டு காதுலயும் வரும், நடு மண்டைலன்னும் சிலர் சொல்லுவாங்க. எனக்கும் இடது காதுல பல வருசமா இருக்குதுங்க, இத எழுதறப்பவும் இருக்குது. உலகம் பூரா நடந்த ஆய்வுகள எல்லாம் சேத்துப் பாத்து 2022-ல ஒரு தொகுப்பாய்வு வந்துச்சு, அதுப்படி பெரியவங்கள்ல 100-க்கு 14 பேரு பக்கம் இந்த இரைச்சல் கேட்டிருக்குது, ஆனா பொழப்பக் கெடுக்கற அளவுக்கு கடுமையா இருக்கறது 100-க்கு 2 பேரு பக்கம் தான். இந்த 14-க்கும் 2-க்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தத் தான் நான் சொல்ல வர்றேன். மீதி ஆளுங்க எல்லாம் சத்தம் நின்னுபோயி நிம்மதியா இருக்கல, பல பேருக்கு சத்தம் அப்பிடியே தான் இருக்குது, அவங்க மூளை அத ஒரு பொருட்டா எடுத்துக்காம விட்டுருச்சு. வைத்தியம்னு இன்னிக்கு உருப்படியா இருக்கறதெல்லாமும் இந்த எடத்துக்குக் கூட்டீட்டுப் போற வழி தானுங்க.

முதல்ல காதுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாக்கலாம். உள்காதுல காக்ளியான்னு சுருண்டு கெடக்கற ஒரு சின்ன உறுப்பு, அதுக்குள்ள மயிரிழை செல்லுங்க ஒரு காதுக்கு சுமாரா 15,000 இருக்குது. காத்துல வர்ற அதிர்வ இந்த செல்லுங்க தான் மின் சைகையா மாத்தி நரம்பு வழியா மூளைக்கு அனுப்புது. அதிகச் சத்தத்துல வருசக்கணக்கா இருந்தா இதுங்க கொஞ்சம் கொஞ்சமா செத்துப் போவுது. நாமக்கல் பண்ணைல இருக்கற கோழிக்குக் கூட இந்த செல்லு செத்தா மறுபடி மொளைக்கும், பறவைங்களுக்கு அந்த வசதி இருக்குது, மனுசனுக்கு மொளைக்காது. அதுலயும் கீச்சு சத்தத்தப் பிடிக்கற செல்லுங்க தான் காக்ளியாவோட வாசல்லயே இருக்குது, சத்தத்தால அடிபடறதும் முதல்ல அந்தப் பக்கம் தான், குறிப்பா 4000 ஹெர்ட்ஸ் (சத்தம் எவ்வளவு கீச்சுன்னு சொல்ற அலகு) சுத்துவட்டாரம். பேச்சுல ச, ஸ, க, த மாதிரி எழுத்துங்க கேக்கறதுக்கு இந்தக் கீச்சுப் பகுதி தான் வேணும். அதனால தான் வயசான தறிக்காரருகிட்ட பேசுனா "நீ பேசறது கேக்குது கண்ணு, என்ன பேசறன்னு தான் வெளங்கல"ம்பாரு.

இப்ப இந்த செல்லுங்க செத்தா அந்தப் பக்கம் அமைதியாத் தான இருக்கோணும், சத்தம் எதுக்கு வருது? கோயில் விசேசத்துல மைக்செட்காரரு என்ன பண்ணுவாரு, பேசறவரு குரல் மைக்குல சரியா விழுலன்னா ஆம்பிளிபையர்ல வால்யூம ஏத்துவாரு, அப்ப குரலும் கொஞ்சம் கேக்கும், கூடவே "உஸ்ஸ்"ன்னு ஒரு இரைச்சலும் சேந்து வரும், அது மைக்குல இருந்து வர்றதில்ல, செட்டுக்குள்ளயே இருக்கற இரைச்சல், வால்யூம் ஏத்துனதால வெளிய தெரியுது. மூளையும் இதத் தான் பண்ணுதுங்கறது இப்ப பல ஆராய்ச்சியாளருங்க ஏத்துக்கற விளக்கம். காதுல இருந்து ஒரு அலைவரிசைல சேதி வர்றது கொறைஞ்சதும் மூளை அந்தப் பகுதில தன்ற கேக்கற திறன ஏத்தி வெச்சுக்குது, நரம்புல எப்பவும் ஓடீட்டு இருக்கற தன்னிச்சையான துடிப்பு பெருசாகி அதுவே சத்தமாத் தெரியுது. காது எந்த அலைவரிசைல அடிபட்டுருக்குதோ பெரும்பாலும் இரைச்சலும் அந்தச் சுத்துவட்டாரத்துலயே இருக்கறதுக்கு காரணம் இது தான்.

சத்தம் காதுல இல்ல, மூளைல தான் உருவாகுதுங்கறதுக்கு ஒரு வலுவான சாட்சி இருக்குது. காது நரம்புல கட்டி வந்து ஆபரேசன்ல அந்த நரம்பையே வெட்ட வேண்டி வந்தவங்க இருக்காங்க, காதுக்கும் மூளைக்கும் தொடர்பே அந்துபோச்சு, இருந்தும் அவங்கள்ல பல பேருக்கு இரைச்சல் நிக்கல, சில பேருக்கு கூடவே ஆயிருக்குது. அதனால தானுங்க காதுல என்ன ஊத்துனாலும் இது நிக்கறதில்ல.

இன்னொண்ணும் சொல்லோணும். "டெஸ்ட் எடுத்தேன், காது நல்லாத் தான் இருக்குதுன்னுட்டாங்க, அப்புறம் எப்பிடி சத்தம் கேக்கும், நான் பொய்யா சொல்றேன்"னு நொந்துக்கறவங்க உண்டு. 2009-ல எலிங்கள வெச்சு குஜாவா, லிபர்மேன்னு ரெண்டு பேரு பண்ண ஆய்வுல, பெரிய சத்தத்துக்கு அப்புறம் எலிக்கு கேக்கற திறன் பழையபடி திரும்பீருச்சு, மயிரிழை செல்லும் சாகல, ஆனா அந்த செல்லுக்கும் நரம்புக்கும் நடுவுல இருக்கற இணைப்புல பாதி வரைக்கும் நிரந்தரமா போயிருந்துச்சு. சாதாரண காது டெஸ்ட்டுல இது தெரியாது. மனுசங்க கிட்டயும் இப்பிடி ஒளிஞ்சிருக்கற சேதம் இருக்கலாம்னு அதுக்கப்புறம் வந்த ஆய்வுங்க காட்டுது. ரிப்போர்ட் நார்மல்னு வந்தாலும் உங்களுக்கு கேக்கறது நெசம் தான். அதுக்காக யாருகிட்டயும் நிரூபிக்க வேண்டியதில்ல.

அப்ப ஒருத்தருக்கு தொந்தரவாகி இன்னொருத்தருக்கு ஆகாதது எதனால? 1953-ல ஹெல்லர், பெர்க்மன்னு ரெண்டு பேரு காது நல்லா கேக்கற 80 பேர சத்தம் புகாத ரூமுல உக்கார வெச்சுப் பாத்தாங்க, 100-க்கு 94 பேரு ஏதோ ஒரு சத்தம் கேட்டுதுன்னு சொன்னாங்க. ஆக அமைதில சத்தம் கேக்கறது வியாதி இல்லீங்க, நரம்பு உசுரோட இருக்கறதோட அடையாளம் தான். 1990-ல யாஸ்ட்ரபாஃப்ங்கற விஞ்ஞானி இத விளக்குனாரு. மூளைல பயம், கவலைய கவனிக்கற பகுதி இந்த சத்தத்த ஆபத்துன்னு முத்திர குத்தீருச்சுன்னா அதுக்கப்புறம் அது விடாம காவல் காக்கும், காவல் காக்க காக்க சத்தம் பெருசாத் தெரியும், பெருசாத் தெரியத் தெரிய பயம் ஏறும். "கட்டியா இருக்குமோ", "செவிடாயிருவனோ"ன்னு முதல் வாரத்துல வர்ற அந்த பயம் தான் முத்திர குத்தற நேரம். ஒருத்தருக்கு கேக்கற இரைச்சல மெசின்ல அளந்து பாத்தா அவருக்கு கேக்கற குறைஞ்சபட்ச சத்தத்துக்கு மேல பெரும்பாலும் 5, 10 டெசிபல் (சத்தத்த அளக்கற அலகு) தான் இருக்கும், மெல்லிசா இலை அசையற அளவு கூட இருக்காது. அளவுக்கும் அவஸ்தைக்கும் பெருசா சம்பந்தமில்லைங்கறத நான் படிச்சப்ப நெம்ப ஆறுதலா இருந்துச்சு, ஏன்னா சத்தத்த நம்மளால தொட முடியாது, அவஸ்தைய தொடலாம்.

காரணத்துக்கு வர்றேன். நம்ம கொங்கு நாட்டுல முதல் காரணம் சத்தம் தான், சந்தேகமே வேண்டாம். நாடாத் தறில நாடாவ (குறுக்கு நூல கொண்டு போற கட்டை) ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அடிச்சுத் தள்ற குச்சியோட அந்த "டக்கடக்"கு தான் பெரிய சத்தம், ஒரு குடோனுக்குள்ள பத்து இருவது தறி ஓட, மேல சீட்டுக் கூரை, சுத்தியும் வெறும் செவுரு, சத்தம் எங்கயும் போக வழியில்லாம மோதீட்டே இருக்கும், 95 டெசிபலத் தாண்டற குடோனுங்க சாதாரணம். 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் ஏற ஏற நேரத்த பாதியாக்கோணும்ங்கறது அமெரிக்காவோட தொழில் சுகாதார நிறுவனம் வெச்சிருக்கற கணக்கு. 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி. இந்தக் கணக்குப்படி நம்ம தறிக்காரரு காலைல டீ டைமுக்கு முந்தியே அன்னிக்கான பங்க தீத்துருவாரு, அப்புறமும் சிப்டு ஓடும். மெசின் இல்லாம சோதிக்கோணும்னா ஒரு கை தூரத்துல நிக்கறவங்ககிட்ட கத்தித் தான் பேச வேண்டியிருக்குதான்னு பாருங்க, ஆமான்னா 85-ஐ தாண்டியாச்சு.

தறி மட்டும் இல்லீங்க. கோயமுத்தூரு பவுண்டரில காஸ்டிங்க கிரைண்டர் போட்டு சீவறவங்க, ஸ்பின்னிங் மில்லுல ரிங் பிரேம் ஓட்டற பொண்ணுங்க, கரூருல பஸ் பாடி கட்டறப்ப தகரத்த தட்டறவங்க, திருச்செங்கோட்டுல இருந்து ரிக் லாரி ஏறி ஆந்திரா, கர்நாடகான்னு போயி போர் போடறவங்க. இந்த ரிக் வேலைல கம்ப்ரசர் சத்தத்துக்கு பக்கத்துலயே மணிக்கணக்கா நிக்கோணும், ராத்திரி தூங்கறதும் லாரிலயே. அப்புறம் நோம்பி. மாரியாத்தா கோயில் பூச்சாட்டுனா ஜமாப்பும் தப்பும் இல்லாம ஆகாது, அது இருக்கட்டும், எனக்கும் பிரியம் தான், ஆனா ஆள் உயரத்துக்கு பாக்ஸ் அடுக்கி அதுக்கு நேரா கொழந்தைங்கள நிக்க வெச்சு ஆட விடறதப் பாத்தா வயிறு கலங்குதுங்க. பட்டாசுக்கு வெடிக்கற எடத்துல இருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலுக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டம் இருக்குது, கைல பிடிச்சு வீசறவனுக்கு 4 மீட்டர் எங்க இருக்குது. ஒரே ஒரு அணுகுண்டு காதுக்கு பக்கத்துல வெடிச்சு அன்னிக்கே ஆரம்பிச்ச இரைச்சல் ஆயுசுக்கும் நிக்காதவங்க இருக்காங்க.

சத்தத்துக்கு அடுத்தது வயசு. அப்புறம் காதுக்குள்ள அழுக்கு கட்டிப்போறது, இது தான் இருக்கறதுலயே சந்தோசமான காரணம், டாக்டருகிட்ட போயி எடுத்துட்டா அன்னிக்கே போயிரும், ஆனா நாமளா ஊக்கு, சாவி, தீக்குச்சி, பட்ஸ்னு விட்டு கொடஞ்சா அழுக்கு இன்னும் உள்ள தான் போவும், செவிப்பறை கிழிஞ்சா அதுவே புதுசா ஒரு காரணமாயிரும். காதுல சீழ், நடுக்காது எலும்பு இறுகிப்போற ஓட்டோஸ்கிளீரோசிஸ், தலைசுத்தலும் காது அடைப்பும் கேக்கறது கூடிக் கொறையறதும் சேந்து வர்ற மெனியர் நோய், இதெல்லாமும் உண்டு. மருந்துங்களும் காரணமாகும்: அந்தக் காலத்துல டிபிக்கு போட்ட ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஊசிங்க, கேன்சருக்கு குடுக்கற சிஸ்பிளாட்டின், எச்சான அளவுல ஆஸ்பிரின், மலேரியாவுக்கு குயினின். ஆனா இதப் படிச்சுட்டு இருதயத்துக்கு சாப்புடற சின்ன ஆஸ்பிரினயோ கேன்சர் மருந்தையோ நீங்களா நிறுத்திராதீங்க, எழுதிக் குடுத்த டாக்டருகிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க. தாடைய இறுக்கி கடிச்சாலோ கழுத்த திருப்புனாலோ சத்தம் மாறுதா? அப்ப தாடை மூட்டும் கழுத்துத் தசையும் அதுல பங்கு வகிக்குது, பல் டாக்டரும் பிசியோதெரபியும் உதவலாம்.

இனி சொல்றத மட்டும் நெதானமா படிங்க. பெரும்பாலான இரைச்சல் ஆபத்தில்லாதது, ஆனா சிலது காத்திருக்கக் கூடாதது.

திடீர்னு ஒரு காது கேக்காம போயி கூடவே இரைச்சல் வந்தா, காலைல எந்திரிச்சப்ப ஒரு பக்கம் அடைச்ச மாதிரி இருந்தாலும் சரி, அன்னிக்கே காது மூக்கு தொண்டை டாக்டர பாக்கோணும். இது நரம்பு சம்பந்தப்பட்ட திடீர் செவித்திறன் இழப்பா இருக்கலாம், ஸ்டீராய்டு குடுத்தா திரும்பறதுக்கு வாய்ப்பு இருக்குது, ஆனா எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, ரெண்டு வாரம் தாண்டுனா அந்த வாய்ப்பு வேகமா கொறஞ்சுரும். "சளி அடைச்சிருக்கும், ரெண்டு நாள் போவட்டும், ஆவி பிடிச்சுப் பாக்கலாம்"னு விடறதுல தான் நெறைய காது போவுது. அடுத்தது, சத்தம் நாடித் துடிப்போட சேந்து "டுப் டுப்"னு வந்தா. மணிக்கட்டுல நாடி பிடிச்சுப் பாருங்க, ரெண்டும் ஒண்ணா அடிச்சா அது வேற வகை. ரத்தசோகை, தைராய்டு, பிரசர்ல தொடங்கி மூளைல ரத்தக்குழாய் கோளாறு, மண்டைக்குள்ள அழுத்தம் கூடறது வரைக்கும் காரணம் இருக்கலாம், நம்ம பக்கத்துப் பொண்ணுங்களுக்கு ரத்தசோகை எவ்வளவு சாதாரணம்னு உங்களுக்கே தெரியும். ஸ்கேன் தேவைப்படலாம், சீக்கிரம் காட்டீருங்க. ஒரே காதுல மட்டும் விடாம இருந்து அந்தக் காதே மந்தமாவும் ஆனா காது நரம்புக் கட்டி இல்லைன்னு உறுதி பண்ண எம்ஆர்ஐ கேப்பாங்க, பெரும்பாலும் கட்டி இருக்காது, இருந்தாலும் அது கேன்சர் வகை இல்ல, ஆனா பாத்துக்கோணும். முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, நடக்க முடியாத தலைசுத்தல் வந்தாலோ, தலைல அடிபட்டு ஆரம்பிச்சாலோ நேரா ஆஸ்பத்திரிக்கு.

இதெதுவும் இல்லைன்னாலும் ஒருக்கா ஆடியோகிராம் எடுத்துருங்க. கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வெச்சு ஹெட்போன் மாட்டி சின்னச் சின்னதா "பீப்" விடுவாங்க, கேட்டா பட்டன அமுத்தோணும், அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுரும். கைல குடுக்கற படத்துல சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. மேல இருந்தா நல்லா கேக்குதுன்னு அர்த்தம், கோடு கீழ எறங்க எறங்க கேக்கறது கம்மி. சத்தத்துல வேலை பாத்த காதுன்னா 250, 500, 1000-ன்னு மேலயே நேரா வந்த கோடு 4000 பக்கம் வந்ததும் திடுதிப்புன்னு பள்ளத்துல விழுந்து 8000-ல கொஞ்சம் மேல ஏறி நிக்கும். அந்தப் பள்ளத்தப் பாத்தாலே என்ன வேலைல இருந்தீங்கன்னு ஆடியோலஜிஸ்ட் (கேக்கற திறன சோதிக்கற நிபுணர்) கேட்டுருவாங்க. கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில எல்லாம் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்குது, ஈஎஸ்ஐ அட்டை இருந்தா சிங்காநல்லூரு ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு போலாம்.

சரி, மருந்து? இரைச்சலயே நிறுத்தறதுன்னு நிரூபிச்ச மாத்திரை இன்னிக்கு வரைக்கும் ஒண்ணு கூட இல்லீங்க. இத ஒளிவு மறைவு இல்லாம சொல்றது தான் மரியாதை, ஏன்னா இத சொல்லாததால தான் சனங்க கடை கடையா, டாக்டர் டாக்டரா அலைஞ்சு காசயும் நம்பிக்கையயும் ஒண்ணா இழக்கறாங்க. ஜிங்கோ பிலோபா, ஜிங்க், மெலடோனின் இதெல்லாம் இரைச்சலுக்குன்னு பரிந்துரைக்க வேண்டாம்னு 2014-லயே அமெரிக்க காது மூக்கு தொண்டை டாக்டருங்க சங்கம் வழிகாட்டுதல்ல சொல்லீருச்சு. பி12 உடம்புல கொறவா இருந்தா எடுத்துக்கங்க, கொறவு இல்லாம ஊசி போட்டுப் பிரயோசனமில்ல. காபி நிறுத்துனா கொறையும்ங்கறதுக்கும் உறுதியான ஆதாரம் கெடையாது, எனக்கு காலைல ஒரு டம்ளர் பில்டர் காபி இல்லாம இருந்தா தலைவலி தான் மிச்சம். பூண்டு போட்டு காய்ச்சுன நல்லெண்ணெய காதுல விடறது நம்ம ஆத்தாமாரு காலத்துல இருந்து பழக்கம், அவங்க பிரியத்துல பண்றது தான், ஆனா செவிப்பறைல ஓட்டை இருக்கறது நமக்குத் தெரியாது, சூடான எண்ணெய் நடுக்காதுக்கு போயிருச்சுன்னா சீழு பிடிச்சு இருக்கற கேக்கறதும் போயிரும். தயவு செஞ்சு வேண்டாம்.

என்ன தான் வேலை செய்யுது? முதல்ல, அமைதியத் தேடிப் போகாதீங்க. இரைச்சல் வந்ததும் எல்லாரும் பண்றது ரூமக் கதவ சாத்தி, பேன ஆஃப் பண்ணி, காதுல பஞ்ச வெச்சு படுக்கறது. மூளைக்கு வெளிய இருந்து எதுவும் வரலைன்னா அது இன்னும் உத்துக் கேக்கும். ராத்திரி பேன் ஓடட்டும், இல்ல செல்போன்ல மழை சத்தம், ஓடைத்தண்ணி சத்தம் மெல்லமா வைங்க, பழைய ரேடியோ கூட போதும். இரைச்சல முழுசா முழுங்கற அளவுக்கு சத்தமா வெக்க வேண்டாம், ரெண்டும் லேசா கேக்கற அளவு தான் நல்லது, இரைச்சல் இருக்கறப்பவே அத கண்டுக்காம இருக்க மூளை பழகோணும், மொத்தமா மறைச்சுட்டா பழக வாய்ப்பே இல்ல. இயர்போன் மாட்டி தூங்காதீங்க, தலகாணி பக்கத்துல ஸ்பீக்கர் வெச்சுக்கங்க. காதுல அடைப்பான் வெக்கறது குடோன்லயும் நோம்பிலயும் மட்டும், வீட்டுலயும் கடைவீதிலயும் வெச்சு பழகுனா சாதாரண பாத்திரச் சத்தம் கூட தாங்காத நிலைக்கு போயிருவோம்.

கேக்கறது கம்மியா இருந்தா காது மெசின் போடுங்க. இத சொன்னாலே மொகத்த திருப்பிக்கறவங்க தான் எச்சு, "எனக்கென்ன அத்தன வயசா ஆயிருச்சு"ம்பாங்க. மெசின் போட்டா காதுக்கு வராம இருந்த கீச்சு சத்தமெல்லாம் மறுபடி மூளைக்குப் போவுது, அது ஏத்தி வெச்ச வால்யூம எறக்கறதுக்கு ஒரு காரணம் கெடைக்குது, பல பேருக்கு இரைச்சல் பின்னால போயிருது. காசு ஒரு பிரச்சனைன்னா மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விசாரிங்க, குறைபாட்டு அளவுக்கான சான்று இருந்தா அரசு இலவசமா குடுக்குது.

ஆதாரம் எச்சா இருக்கற வைத்தியம் சிபிடிங்கற பேச்சு வழி சிகிச்சை, அறிவாற்றல் நடத்தை சிகிச்சைன்னு புத்தகத்துல போடுவாங்க. மருத்துவ ஆய்வுங்கள சேத்துப் பாத்து எடை போடற காக்ரேன் அமைப்போட 2020 தொகுப்பாய்வும் இது இரைச்சலால வர்ற பாதிப்ப கொறைக்குதுன்னு தான் சொல்லுது. சத்தத்தோட அளவ இது கொறைக்காது. "இது நிக்காது, என்ற வாழ்க்கை முடிஞ்சுது"ன்னு ஓடற நெனப்ப எடுத்து வெச்சு அது சரியான்னு கேக்க வெக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா படுக்கைலயே புரண்டு சத்தத்த அளந்துட்டு இருக்காம எந்திரிச்சு வேற ரூமுல லேசா ஏதாவது பண்ணீட்டு தூக்கம் வந்ததும் திரும்பப் படுக்கச் சொல்லும், இரைச்சல் கெடுக்குதுன்னு விட்டுட்ட காரியங்கள ஒண்ணொண்ணா மறுபடி எடுக்க வெக்கும். மனநல டாக்டருகிட்ட போறதா, எனக்கென்ன பைத்தியமான்னு நெனைக்காதீங்க, பயத்த கவனிக்கற பகுதி தான இத பிடிச்சு வெச்சிருக்குது, அங்க தான் வேலை பாக்கோணும். எவ்வளவு பாதிக்குதுன்னு அளக்கறதுக்கு 25 கேள்வி கொண்ட ஒரு வினாத்தாள் இருக்குது, 100-க்கு மார்க், ஆடியோலஜிஸ்ட்டுக குடுப்பாங்க, ஆரம்பத்துல ஒருக்கா, சில மாசம் கழிச்சு ஒருக்கா எழுதிப் பாத்தா முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். நாளுக்கு நாள் பாத்தா தெரியாது.

முதல் சில மாசம் தான் மோசமுங்க. தூக்கம் போயி, சோறு எறங்காம, இதுக்கு உசுரோட இருக்கறதே வேண்டாம்னு கூட சில பேருக்கு தோணும். அப்பிடித் தோணுனா தனியா இருக்காதீங்க, வீட்டுல யாருகிட்டயாவது உடனே சொல்லுங்க, 14416-க்கு போன் போடுங்க, டெலிமானஸ், தமிழ்லயே பேசுவாங்க, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, காசு இல்ல. மன அழுத்தம் கூடவே இருந்தா அதுக்கு நல்ல மருந்து இருக்குது, அது சரியானா இரைச்சலோட பிடியும் தளரும்.

இன்னும் வேலைல இருக்கறவங்களுக்கு: கழிவுப் பஞ்ச உருட்டி காதுல திணிக்கறது பத்தாதுங்க, அது சத்தத்த சொற்பமாத் தான் தடுக்கும். மெடிக்கல்லயும் சேப்டி சாமான் கடைலயும் கெடைக்கற பஞ்சு மாதிரி அமுங்கற நுரை அடைப்பான வாங்குங்க. அத சும்மா வாசல்ல சொருகுனா பிரயோசனமில்ல. சுத்தமான கைல மெல்லிசா உருட்டி, எதிர்க் கைய தலைக்கு மேல கொண்டு வந்து காதோட மேல் நுனிய மேலயும் பின்னாலயும் இழுத்துப் பிடிச்சு, உள்ள விட்டு, அது விரியற வரைக்கும் அரை நிமிசம் வெரலால அமுத்திப் பிடிக்கோணும். சரியா உக்காந்துச்சுன்னா உங்க குரலே உங்களுக்கு உள்ளுக்குள்ள கனமா கேக்கும். தறில நாடா நின்னா, நூல் அந்தா சத்தத்த வெச்சுத் தான் கண்டுபிடிப்போம், அடைப்பான் வெச்சா கேக்காதேன்னு கேப்பாங்க, நியாயமான கேள்வி தான், ஒரு வாரம் பழகுனா அந்த சத்த வித்தியாசம் அடைப்பான் வழியாவும் தெரியும். குடோன் ஓனருங்க இத வாங்கிக் குடுக்கறது அவங்க கடமை. சத்தத்தால வர்ற செவித்திறன் இழப்பு சட்டப்படியே தொழில்நோய்ப் பட்டியல்ல இருக்குது, ஈஎஸ்ஐ பட்டியல்லயும் இருக்குது. நாலு பேரு வேலை பாக்கற சின்ன குடோனுங்க பலது தொழிற்சாலைங்களுக்கான சட்டத்துக்குள்ளயும் வராது, ஈஎஸ்ஐக்குள்ளயும் வராது, நம்ம பக்கத்துல காது போனவங்கள்ல பாதிப் பேரு அந்த மாதிரி குடோன்ல தான் இருந்திருப்பாங்கன்னு எனக்குத் தோணுது, அவங்களுக்கு நட்ட ஈடு யாரு குடுக்கறது.

கடைசியா, வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணு. அப்பாவுக்கோ பெரியம்மாவுக்கோ இந்த இரைச்சல் இருந்துச்சுன்னா தெனமும் காலைல "இப்ப சத்தம் எப்பிடி இருக்குதுங்க, கொறஞ்சுதா"ன்னு கேக்காதீங்க. அக்கறைல தான் கேக்கறோம், ஆனா அவங்க மறந்து இருந்த நேரத்துல நாம கேட்டதும் உடனே உள்ள காது குடுத்து தேடுவாங்க, தேடுனா இருக்கும். ராத்திரி நல்லா தூங்குனீங்களான்னு கேளுங்க. பேசறப்ப பின்னால நின்னு கத்தாம, டிவிய கொறைச்சுட்டு, மொகத்துக்கு நேரா உக்காந்து சாவுகாசமா பேசுங்க, பாதி வார்த்தை உதட்டப் பாத்துத் தான் அவங்களுக்கு வெளங்குது. கல்யாணம் காட்சின்னா ஸ்பீக்கர் பக்கம் இல்லாத ஓரமா எடம் பிடிச்சுக் குடுங்க.